பேகம் சாப்பிட்டாளா?

அல்வாலில் எட்மண்ட் வீட்டில் ஒரு நட்டுவாக்காலி வளர்ந்துகொண்டிருந்தது. உள்ளங்கை நீளம், கரிக்கட்டைக் கறுப்பு, பழைய பூட்டு மாதிரி கனத்த இரண்டு இடுக்கிகள். ஜெபக்கூட்டத்துக்கு ஆட்கள் வரும் நாளில் எட்மண்டின் மனைவி ஜெயசுந்தரி அந்தக் கண்ணாடித் தொட்டியைப் பூப்போட்ட விரிப்பால் மூடி, அதன்மேல் கேக் தட்டை வைத்துவிடுவாள். வந்தவர்கள் தேளின் தலைக்கு மேலிருந்து கேக்கை எடுத்துத் தின்றுவிட்டு, "உங்க வீடு எவ்வளவு சமாதானமா இருக்கு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஜெயசுந்தரி ஆமென் சொல்வாள். வேறென்ன சொல்வது?

தேளின் பெயர் பேகம். வைத்தது மகள் எமி. கச்சிபவுலியில் அவள் வேலை பார்த்த கம்பெனி இரண்டாவது கட்டடத்துக்காகப் பாறைகளை வெடி வைத்துத் தகர்த்துக்கொண்டிருந்தது. ஊரில் அப்போது பாறை என்றாலே தகர்க்கத்தான் என்று ஆகிவிட்டிருந்தது. கல்லுக்கடியில் பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்ததெல்லாம் வெளியே வந்து வெயிலில் முழித்தன. டீ குடிக்கிற இடத்தில் ஒரு செக்யூரிட்டிக்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குறி பார்த்தபோது, எமி தன் டிபன் பாக்ஸைக் கவிழ்த்து அதை மூடிவிட்டாள். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில், மடியில் டிபன் பாக்ஸோடு, கச்சிபவுலியிலிருந்து அல்வால் வரை வந்து சேர்ந்தாள். பக்கத்து சீட்டுக்காரி, "இன்னிக்கு என்ன, மிச்சம் வெச்சுட்டியா?" என்று கேட்டாளாம். எப்போதும் மறைவிலேயே இருக்கிறது, யாருக்கும் முகம் காட்டுவதில்லை, அதனால் பேகம்.

எட்மண்ட் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மருந்து செய்வது அவர் வேலையல்ல, செய்த மருந்தை வைத்துப் பார்ப்பது. பீரோவைப் போல் இரண்டு பங்கு பெரிய பெட்டிகள். உள்ளே வருஷம் பூராவும் ஒரே சூடு, ஒரே ஈரம். வெளியே மே மாத வெயில் மண்டையைப் பிளந்தாலும் அந்தப் பெட்டிக்குத் தெரியாது, ஜூலை மழை கொட்டினாலும் தெரியாது. மாத்திரைகளை அதற்குள் வைத்து, குறித்த நாளில் எடுத்து, உடைத்து, சோதித்து, கெடவில்லை என்று சொல்ல வேண்டும். "எடுத்துப் பாக்காம நல்லா இருக்குன்னு எவன் சொன்னான்?" என்று ஜூனியர்களை அவர் எத்தனையோ முறை குதறியிருக்கிறார். மாறாமல் இருப்பதுதான் ஆரோக்கியம், எடுத்துப் பார்ப்பதுதான் அக்கறை. இந்த இரண்டு சட்டங்களையும் அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் என்பது ஜெயசுந்தரியின் தீராத குறை. இவர் திறந்து திறந்து பார்த்தே ஃபிரிட்ஜில் பால் திரிந்துபோகிறது என்பாள்.

2012 ஏப்ரலில் எமியை கம்பெனி மினியாபொலிஸுக்கு அனுப்பியது. ஒன்றரை வருஷ வேலை. கிளம்புகிற நேரத்தில் அப்பனும் மகளும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு பாளையங்கோட்டை வரன். நல்ல குடும்பம், பையன் பேங்க்கில் இருந்தான். எமி வேண்டாம் என்பதை ஊர் உருதுவில் ஒரே வார்த்தையாக "நக்கோ" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். எட்மண்டுக்கு விடத் தெரியாது. ஏன், எதற்கு, யாராவது இருக்கிறானா என்று நாள் தவறாமல் கிண்டினார். கடைசியில் ஒரு நாள் பொறுமை போய், "தேள் வளக்கிறவள எவன் கட்டிக்குவான்?" என்று சொல்லிவிட்டார். எமி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? எட்மண்ட் அந்தக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, டிவி பார்க்கப் போய்விட்டார்.

ஆனாலும் பேகத்தை ஒப்படைக்க அவரை விட்டால் அவளுக்கும் ஆளில்லை. மம்மி தொட்டி இருக்கும் மூலையைப் பெருக்கக்கூட மாட்டாள். கிளம்புவதற்கு முதல் நாள் எமி அப்பாவைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"வெயில் காலத்துல ஒரு பக்கம் மண்ண ஈரமா வெச்சிருங்க டாடி. இன்னொரு பக்கம் காஞ்சே இருக்கட்டும். எங்க இருக்கணும்னு அவளே பாத்துப்பா. மழை ஆரம்பிச்சா வெளிய வருவா, நல்லா சாப்பிடுவா. குளிர் வந்தா உள்ள போயிடுவா. வாரக்கணக்கா வரமாட்டா, சாப்பிடமாட்டா. பயப்படாதீங்க. ஒண்ணே ஒண்ணு, மண்ண மட்டும் தோண்டாதீங்க."

"தோண்டினா என்ன?"

"அது அவ கட்டின வளை. இடிஞ்சிடும். பயந்துடுவா."

"சரி, உள்ள உயிரோட இருக்கா இல்லியான்னு எப்படித் தெரியும்?"

"வெளிய வந்தா தெரியும்."

முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு பதிலை அவர் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. மகளிடம் தலையாட்டினார்.

எமி போய்ச் சேர்ந்தபின், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாடானதும் அவள் விட்டுப்போன லேப்டாப்பில் ஸ்கைப் மணி அடிக்கும். அங்கே அவளுக்குக் காலை. மம்மியோடு பேச வேண்டியதைப் பேசுவாள். அப்பாவிடம் முதல் கேள்வி, பல நாள் ஒரே கேள்வி: "பேகம் சாப்பிட்டாளா?"

எட்மண்டுக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. வரனைப் பற்றிப் பேச முடியாது, சொன்ன சொல்லைப் பற்றிப் பேச வாய் வராது. தேளைப் பற்றிப் பேசலாம். தேள் இருக்கிறவரை மகளோடு பேச்சும் இருக்கும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ஏப்ரல், மே வெயிலில் அவர் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்ட விதத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஜன்னலோரத்திலிருந்து தொட்டியை உள் அறைக்கு மாற்றினார். ஒரு பக்கம் மண்ணில் நாள்தோறும் தண்ணீர் தெளித்தார். சோடா மூடியில் தண்ணீர் வைத்தார். ஏர்கூலர் அவர்கள் கட்டில் பக்கம் திரும்பியிருந்ததா, தொட்டிப் பக்கம் திரும்பியிருந்ததா என்று ஜெயசுந்தரியைக் கேட்டால் ஒரு கதையே சொல்வாள். பேகம் கவிழ்த்து வைத்த ஓட்டுக்கடியில், ஈர மண்ணும் காய்ந்த மண்ணும் சேருகிற இடத்தில், வாலை மடக்கிக்கொண்டு வெயில் காலத்தைத் தள்ளியது.

ஜூன் நடுவில் முதல் மழை பெய்த அன்று சாயங்காலம் கரண்ட் போனது. அந்த வருஷம் கரண்ட் போவதற்கு மழை வேண்டியதில்லை, ஆனால் அன்று மழையும் இருந்தது. எமி ஒரு சின்ன நீல டார்ச் விட்டுப் போயிருந்தாள். கடைக்காரர்கள் கள்ள நோட்டு பார்ப்பார்களே, அந்த ஜாதி. எட்மண்ட் அதைத் தொட்டிக்கு நேரே பிடித்தார். இருட்டில் பேகம் பச்சையாக ஒளிர்ந்தது. இடுக்கி, கால், வால் முடிச்சு ஒவ்வொன்றும், கிறிஸ்மஸ் நட்சத்திரத்துக்குள் பல்ப் போட்டது போல. ஓட்டை விட்டு முழுசாக வெளியே வந்து, கண்ணாடியில் இடுக்கிகளை ஊன்றி, மண் வாசனைக்கு நின்றுகொண்டிருந்தது.

"ஜெயா! இங்க வா, வந்து பாரு!"

ஜெயசுந்தரி வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தாள். "ஆண்டவரே," என்றாள். பிறகு, மனசில்லாமல், "அழகாத்தான் இருக்கு பிசாசு," என்றாள்.

அந்த ஞாயிறு எட்மண்ட் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தொட்டியிடம் போய், விளக்கை அணைத்து, டார்ச் அடித்துக் காட்டினார். திரையில் எமி கைகொட்டிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து எத்தனை மாதமாகிவிட்டது! அன்றைக்கு அவர் ராஜா. அதன்பின் மழைக்காலம் முழுக்க பின்புறத் தோட்டத்தில் பாச்சை பிடித்தார். சைனிக்புரியில் மீன் தொட்டிக் கடைக்காரனிடம் சில்வண்டு கேட்டு வாங்கி வந்தார். பேகம் எப்படிப் பாய்ந்தது, எந்த இடுக்கியால் பிடித்தது என்று ஞாயிறுதோறும் வர்ணித்தார். எமியும் கேட்டுக்கொண்டு, இங்கே பைன் மரம் இருக்கிறது, இங்கே ஏரி இருக்கிறது என்று நாலு வார்த்தை கூடுதலாகப் பேசினாள். அப்போதே அவர் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நல்லது நடந்துகொண்டிருக்கும்போது எதற்குக் கெடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டார். விடக்கூடாததை மட்டும் விடுவது ஆண்பிள்ளைகளின் தனித் திறமை.

நவம்பரில் எமியின் முகம் திரையிலிருந்து போனது. "கேமரா ரிப்பேர் டாடி," என்றாள். பெயர் மட்டும் தெரியும், குரல் மட்டும் வரும். குரலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. அங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது என்றாள். எட்மண்டுக்கு வேலை வந்துவிட்டது.

"சாப்டியா?"

"ஹவ் டாடி." ஆமாம் என்பதற்கு அந்த ஊர்ச் சொல்.

"என்ன சாப்ட?"

"உப்புமா."

"நல்லா தூங்கறியா? வெளிய போனியா? சர்ச்சுக்குப் போனியா? கேமராவ சரி பண்ணக் குடுத்தியா?"

"ஹவ் டாடி. ஹவ். குடுக்கணும்."

லேப்டாப்பை மூடிய பின் ஜெயசுந்தரி கேட்டாள்: "என்னங்க, இவ உப்புமா சாப்ட்டேங்கிறா?"

"அதுக்கென்ன?"

"பொறந்ததுலேருந்து இவ உப்புமாவத் தொட்டிருக்காளா? தட்டுல வெச்சா எழுந்து போயிடுவாளே. ஏதோ சரியில்லைங்க."

"பசிச்சா புலியும் புல்லத் திங்கும்," என்றார் எட்மண்ட். புலி புல்லைத் தின்னாது என்றுதான் பழமொழி. அவர் அவசரத்துக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

டிசம்பர் பிறந்ததும் பேகமும் உள்ளே போனது. ஓட்டுக்கடியில் தோண்டிய வளைக்குள் இறங்கி, வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டது. முதல் வாரம் எட்மண்ட் பொறுத்தார். இரண்டாவது வாரம் வைத்த பாச்சை அப்படியே திரிந்துகொண்டிருந்தது. அதிகாலைக் குளிரில் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார், ஜில்லென்றிருந்தது. இத்தனை வருஷம் பழகிய கை சும்மா இருக்குமா? தொட்டிக்கு மேல் ஒரு பல்ப் கட்டித் தொங்கவிட்டார். சூடு பார்க்க ஒரு தெர்மாமீட்டரையும் செருகினார். ஜூலையில் எந்தச் சூட்டில் பேகம் நன்றாகச் சாப்பிட்டதோ அதே சூடு, ராவும் பகலும். சீசன் மாறினால்தானே உள்ளே போகும்? சீசனையே மாற விடாவிட்டால்?

"நமக்கு நல்ல கம்பளி இல்ல, அதுக்கு ஹீட்டர்," என்றாள் ஜெயசுந்தரி.

பேகம் வெளியே வரவில்லை. பல்ப் சூட்டில் மேல்மண் காய்ந்து வெடித்தது. அவர் தண்ணீர் தெளித்தார். மறுபடி காய்ந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். பச்சை எங்கேயும் இல்லை. செத்துவிட்டது என்ற எண்ணம் ஒரு நாள் வந்து உட்கார்ந்தது, அதன்பின் எழுந்து போகவேயில்லை.

கிறிஸ்மஸ் அன்று ஸ்கைப்பில் எமி கேட்டாள்: "பேகம் சாப்பிட்டாளா?"

இல்லை என்றால் என்ன ஆகும்? தெரியாது என்றால்? பனிக்கட்டி ஊரில் தனியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம், பண்டிகையும் அதுவுமாக, உன் தேள் செத்துவிட்டது போலிருக்கிறது என்றா சொல்வது? அப்புறம் அடுத்த ஞாயிறு அவள் எதைக் கேட்பாள், தான் எதைச் சொல்வது? எட்மண்ட் வாயைத் திறந்தார். பொய் தானாக வந்தது.

"சாப்ட்டாளே! நேத்து ரெண்டு பாச்சை. வெடுக்குனு புடிச்சா பாரு."

"அச்சா டாடி," என்றாள் எமி. "மெரி கிறிஸ்மஸ்."

அடுத்த ஞாயிறும் சாப்பிட்டது. அதற்கடுத்த ஞாயிறும். இவர் வாயில் பேகம் மழைக்காலத்தில் தின்றதைவிட அதிகமாகத் தின்றது. எமி ஒன்றும் கேட்பதில்லை. "அச்சா" என்பாள். எட்மண்டும் உப்புமாவைக் கேட்டுவிட்டு "நல்லது" என்பார். எமியும் பேகமும் பேச்சில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, ஞாயிறுக்கு ஞாயிறு மெலிந்துகொண்டு போனார்கள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. ஜெயசுந்தரி பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போயிருந்தாள். காலையிலிருந்து கரண்ட் இல்லை. பல்ப் அணைந்து தொட்டி குளிர்ந்திருந்தது. எட்மண்ட் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தோண்டாதீங்க என்று சொன்ன குரல் காதில் இருந்தது. எடுத்துப் பாக்காம எவன் சொன்னான் என்ற குரலும் இருந்தது. இரண்டாவது குரல் பழைய குரல், சொந்தக் குரல். எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து வந்தார்.

ஓட்டைத் தூக்கினார். மண்ணை ஓரமாகக் கீறிக்கொண்டே போனார். மேல்மண் பொருக்குப் பொருக்காக விழுந்தது. உள்ளே பொந்து தெரிந்ததும் கூரை பொலபொலவென்று சரிந்து அதை மூடியது. அவள் கட்டின வளை. எட்மண்ட் ஸ்பூனைப் போட்டுவிட்டு விரலாலேயே மண்ணை விலக்கினார். தொட்டியின் அடிக்கண்ணாடியை ஒட்டி, கால்களெல்லாம் உடம்போடு மடிந்து, மண் அப்பி, பேகம் கிடந்தது. ஊதிப் பார்த்தார். அசையவில்லை. ஸ்பூன் காம்பால் லேசாகத் தொட்டார். அசையவில்லை.

செத்த தேளுக்குப் பயப்படுவானேன்? வெறுங்கையாலேயே எடுத்து உள்ளங்கையில் வைத்தார். ஒன்றுமில்லாத கனம். ஜில்லென்றிருந்தது. மகளுக்கு இனி என்ன சொல்வார்? பொய்யை எத்தனை வாரம் ஓட்டுவார்? வருஷக் கடைசிக்குள் அவள் வந்து நின்று தொட்டியைப் பார்க்கும்போது? தேள் வளர்க்கிறவளை எவன் கட்டிக்குவான் என்று கேட்டாரே, அவளிடமிருந்து ஒரு தேளை வாங்கிக் காப்பாற்றத் துப்பில்லாமல் போயிற்றே. எட்மண்ட் அழுதார். அப்பா இறந்தபோது அழுததற்குப் பிறகு இப்போதுதான். உள்ளங்கையை லேசாக மூடிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். பேகத்துக்காகத்தான் அழுகிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மூடிய உள்ளங்கை சூடானது. அதற்குள் எதுவோ மெல்லக் கால் நீட்டியது. எட்மண்ட் குனிந்து பார்ப்பதற்குள் கட்டைவிரல் அடிச்சதையில் சுரீரென்று இறங்கியது.

"அம்மா!" என்று அலறினார். அலறிய வாய் மூடவில்லை, அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. "இருக்கா! உயிரோட இருக்கா! ஏ பேகம்!" கை நெருப்பாக எரிந்தது. எரிய எரியச் சிரித்துக்கொண்டே பேகத்தை மண்ணில் இறக்கினார். அது வாலை உயர்த்தி, இடுக்கிகளை விரித்து, அவரை நோக்கிக் கொஞ்ச நேரம் நின்றது. அப்படி ஒரு கோபம். பிறகு இடிந்த மண்ணுக்குள் தலையைக் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து தோண்ட ஆரம்பித்தது. எட்மண்ட் அதற்கு உதவி செய்யப் போய், கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பல்பை மட்டும் கழற்றி எடுத்தார்.

அதன்பின் அவர் நிலைமை திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆயிற்று. நம் ஊரில் இந்தப் பழமொழியைச் சொல்லாதவர்கள் கிடையாது, ஆனால் அதை இவ்வளவு ஒழுங்காக வாழ்ந்து காட்டியவர் எட்மண்ட் ஒருவர்தான் இருக்க வேண்டும். கத்தவும் முடியாது, காட்டவும் முடியாது. ஜெயசுந்தரி திரும்பி வந்து சோறு போட்டபோது வலது கையை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு இடது கையால் ஸ்பூனை எடுத்தார்.

"கைக்கு ஸ்பூன்ல சாப்பிடறீங்க?" ஏன் என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சில் "கைக்கு."

"சும்மாதான்."

"ஸ்பூன்ல மண்ணு இருக்கு." அவள் ஸ்பூனைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், தொங்காத பல்பைப் பார்த்தாள். "அந்தக் கைய மேல எடுங்க."

எடுத்தார். கட்டைவிரல் வாழைப்பழமாக இருந்தது. ஜெயசுந்தரி அவரை ஆட்டோவில் ஏற்றி, தெருமுனை டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினாள். கறுப்புத் தேள் என்பதால் பிழைத்தீர்கள், சிவப்புத் தேளாக இருந்தால் இப்படி நடந்து வந்திருக்க மாட்டீர்கள் என்று சொல்லி டாக்டர் ஊசி போட்டார். எங்கே கொட்டியது என்று கேட்டார். "வீட்லதான்," என்றாள் ஜெயசுந்தரி. "நாங்க வளக்கிறது." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் தடவையாக அவள் அதை வெளியே சொன்னாள்.

வழியெல்லாம் அவள் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து கரண்டும் வந்ததும், "எமிகிட்ட சொல்லுங்க. இன்னிக்கே. எல்லாத்தையும்," என்றாள். பொய்யை அவளும் ஞாயிறுதோறும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்.

சனிக்கிழமை அவர்கள் கூப்பிட்டதேயில்லை. எமி உடனே எடுத்தாள். "டாடி? என்ன ஆச்சு? மம்மி எங்க?"

"மம்மி இங்கதான் இருக்கா. எமி, பேகத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"செத்துட்டா. தெரியும் டாடி."

எட்மண்ட் திகைத்தார். "யாரு சொன்னா?"

"நீங்கதான். கிறிஸ்மஸ்க்கு ரெண்டு பாச்சை சாப்ட்டான்னு சொன்னீங்களே. குளிர்ல அவ சாப்பிட மாட்டா. அப்பவே தெரிஞ்சிடுச்சு."

"அப்ப ஏம்மா கேக்கல?"

"கேட்டா உண்மைய சொல்லிடுவீங்க."

ஜெயசுந்தரி வாயைப் பொத்திக்கொண்டாள். வாரக்கணக்கில் தனியாக, அத்தனை குளிரில், இல்லாத ஒரு சாவை அந்தப் பெண் மனசில் வைத்துக்கொண்டு "அச்சா டாடி" சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எட்மண்டுக்கு ஊசி போட்ட இடமும் வலிக்கவில்லை, கொட்டிய இடமும் வலிக்கவில்லை.

"சாகல எமி. உயிரோடதான் இருக்கா. நான் தோண்டிட்டேன். செத்துட்டான்னு நினைச்சுக் கையில எடுத்தேன். கொட்டிட்டா."

பிறகு, "தோண்டினீங்களா?" என்று ஒரு குரல் வந்தது. நவம்பரிலிருந்து அவர்கள் கேட்காத குரல்.

"கைக்கு டாடி? கைக்குத் தோண்டினீங்க? ஒண்ணே ஒண்ணுதான சொன்னேன்! பல்ப் வேற போட்டீங்களா? போட்டிருப்பீங்களே! எது சும்மா இருந்தாலும் உங்களுக்குப் பொறுக்காது. கதவச் சாத்தினா தட்டணும், மூடி வெச்சா திறக்கணும். ஞாயித்துக்கிழமை ஆனா சாப்டியா, தூங்கினியா, வெளிய போனியா. நான் என்ன உங்க ஜீடிமெட்லா மாத்திரையா? போகல டாடி! எங்கயும் போகல. ஆபீஸ், ரூம், அவ்வளவுதான். நாலரை மணிக்கே இருட்டிடுது. கூட இருந்த சுபாஸ்ரீயும் ஊருக்குப் போயிட்டா. லீவு நாள்ல கட்டில விட்டு எழுந்துக்கிறதே இல்ல. உப்புமா பண்ணல. நான் எப்ப உப்புமா சாப்ட்டிருக்கேன்? மம்மிக்காவது தெரிய வேணாமா?"

"தெரியும்டி," என்றாள் ஜெயசுந்தரி அழுதுகொண்டே. "தெரியும் கண்ணு."

எமி நிறுத்தவில்லை. பாளையங்கோட்டை வந்தது, சாத்திய கதவு வந்தது, அதற்கு முந்திய பத்து வருஷமும் வந்தது. தமிழில் ஆரம்பித்து, இங்கிலீஷில் ஏறி, தெலுங்கில் இறங்கினாள். எட்மண்ட் வீங்கிய விரலை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தால் மகள் திட்டுகிறாள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். காலையில் உள்ளங்கையில் கால் நீட்டியதை உணர்ந்தபோது இருந்த அதே முகம்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் நாக்கில் கேள்விகள் வரிசையாக நின்றன. டாக்டரிடம் போனாயா, டிக்கெட் போடட்டுமா, யாரிடமாவது சொன்னாயா. எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார்.

"வரணும்னு தோணினா வா எமி. இருக்கணும்னு தோணினா இரு. எப்பக் கூப்டாலும் நாங்க இருப்போம்," என்றார். "அப்புறம், தேள் வளக்கிறவள எவன் கட்டிக்குவான்னு ஒரு பேச்சு பேசினேன். அது ரொம்பத் தப்பும்மா."

கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்பன் மகள் இருவருக்கும் ஒரே மாதிரி சத்தம். "தேள் வளக்கிறவர மம்மி இன்னும் வெச்சுக்கிட்டுதான இருக்காங்க," என்றாள்.

ஜெயசுந்தரி சிரித்துவிட்டாள்.

"விரலக் காட்டுங்க டாடி."

கேமராவுக்கு முன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கிட்டே காட்டுங்கள் என்றாள். காட்டினார். வெளிச்சத்தில் காட்டுங்கள் என்றாள். அதையும் செய்துகொண்டிருந்தபோது திரையில் பெயர் போய் முகம் வந்தது. கண்ணுக்கடியில் கறுத்து, எலும்பு தெரிய இளைத்து, சீவாத தலையோடு ஒரு போர்வைக்குள்ளிருந்து எமி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிப்பேராகாத கேமரா. ஜெயசுந்தரி ஐயோ என்று வாயெடுத்தாள். எட்மண்ட் மேஜைக்கடியில் அவள் கையை இறுகப் பிடித்தார், அதுவும் வீங்கின கையால். வலியில் அவருக்கே கண்ணில் நீர் வந்தது. ஜெயசுந்தரி எடுத்த வாயை மூடிக்கொண்டு, "இப்பதான் கண்ணு முகம் தெரியுது," என்று மட்டும் சொன்னாள்.

"ஐஸ் வைங்க டாடி. தொட்டிய மூடி வைங்க. அவள விட்டுடுங்க."

"விட்டாச்சும்மா."

நாளைக்கும் முகம் காட்டுவாயா என்று கேட்க வேண்டும் போலிருந்தது எட்மண்டுக்கு. கேட்கவில்லை. மறுநாள் ஞாயிறு, வழக்கம்போல் மணி அடித்தது. அவர் கேட்காமலே முகம் வந்தது.